சங்கிலியும் சான்றும்

ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் வரிசை. சன்னலோரம் ஒரு சிறுவன்.

பள்ளி திறந்த நாளில் முதல் ஆளாகக் கை தூக்கியவன். புரட்டாசி பிறப்பதற்குள் கல்லாய்ச் சமைந்துவிட்டான். வினாத் தொடுத்தால் விடையில்லை. ஏட்டைத் திறந்தால் எழுத்தில்லை. விளையாட்டு மணி அடித்தாலும் எழுந்திருப்பதில்லை. நாம் என்ன செய்தோம்? ‘திமிர்’ என்றோம். பலகைமேல் ஏற்றி நிற்க வைத்தோம். அவன் இல்லத்தார் என்ன செய்தனர்? ‘காற்றுக் கருப்பு’ என்றனர். மந்திரித்த கயிற்றைக் கையில் கட்டினர். வேப்பிலை கொண்டு அடித்தனர்.

நாம் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவர்களோ விடிந்தால் கூலிவேலைக்கு ஓடுவோர். இரு திறத்தாருக்குமிடையே எவ்வளவோ தூரம் என்று நாம் எண்ணியிருந்தோம். ஆயினும் ஒன்றில் ஒத்திருந்தோம்! அவர்களும் சான்று தேடவில்லை; நாமும் தேடவில்லை. அவர்கள் பேயைக் கண்டனர். நாம் பிடிவாதத்தைக் கண்டோம். சிறுவனை யாரும் காணவில்லை.

உடன் பணியாற்றும் மூத்த ஆசிரியை ஒருவர்தாம், “தம்பி, அவன் சாப்பிடுகிறானா, உறங்குகிறானா என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?” என்றார். அந்த ஒரு வினா நம்மைத் தலைகுனிய வைத்தது. குனிந்த தலையோடு நூல்களைப் புரட்டினோம். இளையோர் உள்ளத்தில் நோய் புகுந்தால் உலகம் இதுவரை என்ன செய்தது, எது பயன் தந்தது, எது தரவில்லை என்று தேடினோம். சாரத்தில் ஒரு சிறு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாம் கற்ற அந்த வரலாற்றைத்தான் இங்கே உரைக்கிறோம்.

*

வரலாறு சங்கிலியில் தொடங்குகிறது.

பாரிசு நகரத்துப் பிசேத்ர் விடுதியில் மனநோயாளரைச் சுவரோடு பிணைத்து வைத்திருந்த காலம். 1793இல் அங்கே மருத்துவராக வந்தார் பினேல். சங்கிலியை அறுத்த செம்மல் அவரே என்று ஓவியம் தீட்டி மகிழ்ந்தது பிரெஞ்சு நாடு. ஆனால் உண்மை என்ன? பிசேத்ரில் 1797இல் சங்கிலிகளை அகற்றியவர் புஸ்ஸேன் என்னும் மேற்பார்வையாளர். அவர் மருத்துவர் அல்லர்; தோல் பதனிடும் தொழிலாளி. நோயுற்று அதே விடுதிக்கு வந்து, குணமாகி, அங்கேயே பணியாளராகத் தங்கியவர். நோயாளரோடு நாள்தோறும் வாழ்ந்தார். எவருக்கு எப்போது வெறி எழுகிறது, எப்போது தணிகிறது என்று கூர்ந்து நோக்கினார். அடியைவிட அன்புச் சொல் வேலை செய்வதைக் கண்டார். அவரிடமிருந்து தாம் கற்றதைப் பினேல் மறைக்கவில்லை.

தோல் தொழிலாளியைத் தொடவும் கூசும் சமுதாயத்திலே பிறந்த நாம் இந்தச் செய்தியை இரு முறை படித்தோம். உயர்ந்த பட்டம் காணாததை உற்று நோக்கிய கண் கண்டது. இதைப் படிப்போர் நினைவில் நிறுத்திடக் கோருகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் புஸ்ஸேனுக்கு மீண்டும் வேலை இருக்கிறது.

நம் பக்கம் வருவோம். சென்னையில் 1794இல் கும்பினியின் அறுவை மருத்துவர் வாலன்டைன் கனாலி ஒரு காப்பகம் அமைத்தார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மனநோய் விடுதி எழுந்தது. 1912இல் வெள்ளையர் சட்டம் ஒன்று வந்தது. சட்டத்தின் நோக்கம் நோயைத் தீர்ப்பதைக் காட்டிலும் நோயாளியை அடைப்பதாகவே இருந்தது. அதுவும் எத்தனை பேருக்கு? 1946இல் போர் குழு கணக்கெடுத்தபோது நாடு முழுவதிலும் மனநோயாளர்க்கென இருந்தவை ஏறத்தாழ 10,000 படுக்கைகள்! கோடிக்கணக்கான மக்கள், ஆயிரக்கணக்கில் படுக்கை. எஞ்சியோர் எங்கே சென்றனர்? கோயில் தூணுக்கும், தர்கா வாயிலுக்கும், வீட்டுப் பின்கட்டின் இருட்டறைக்கும் சென்றனர். அவர்களுள் சிறுவரும் இருந்தனர். சிறுவர்க்கெனத் தனி எண்ணம்தான் எவருக்கும் இல்லை.

*

சிறுவர்க்கென ஒரு கதவு திறந்தது 1896இல். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விட்மர் என்பார், பாடம் படிக்க இயலாத பிள்ளைகளுக்காக உளவியல் மருத்துவமனை ஒன்று தொடங்கினார். அவரிடம் முதலில் கொண்டுவரப்பட்ட சிறுவனை அழைத்து வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை என்பது நம்மனோர் பெருமைப்படத்தக்க செய்தி. 1909இல் சிக்காகோவில் ஹீலி என்னும் மருத்துவர், நீதிமன்றத்துக்கு இழுத்து வரப்பட்ட இளையோரைத் தண்டிப்பதற்கு முன் புரிந்துகொள்வோம் என்று ஒரு நிலையம் கண்டார். நம் நாட்டில் 1937இல் பம்பாயிலே, தாதா சமூகப்பணிக் கல்விக்கூடத்தின் சார்பில் குழந்தைகள் வழிகாட்டு மருத்துவமனை பிறந்தது.

நல்ல நோக்கம், நல்ல மனிதர்கள், இனிய சொற்கள். போதாவா? போதா!

1952இல் இலண்டனில் ஐசென்க் என்னும் அறிஞர் ஒரு வினாவைத் தூக்கிப் போட்டார்: உள மருத்துவம் பெற்றோர் குணமடைகின்றனர் என்கிறீர்களே, பெறாதவரும் காலப்போக்கில் குணமடைகிறார்களே, உங்கள் மருத்துவம் கூடுதலாகச் செய்தது என்ன? 1957இல் லெவிட் என்பார் அதே வினாவைச் சிறுவர் திசையில் திருப்பினார். சிகிச்சை முடிந்த பிள்ளைகளுள் மூன்றில் இரு பங்கினர் தேறியிருந்தனர். மகிழ்ச்சி! ஆனால் பெயர் பதிந்து சிகிச்சைக்கு வராமலே நின்றுவிட்ட பிள்ளைகளுள்ளும் ஏறத்தாழ அதே அளவினர் தேறியிருந்தனர்!

அவர் கணக்கு முறையில் குறை கண்டோர் உண்டு; வழக்கு நெடுநாள் நடந்தது. எனினும் வினா எழுந்துவிட்டது. எழுந்த வினாவை அதட்டி உட்கார வைக்கலாம். விடை கூறியும் உட்கார வைக்கலாம். மூடநம்பிக்கை முதல் வழியை மேற்கொள்ளும். அறிவியல் இரண்டாம் வழியை மேற்கொண்டது.

‘கயிறு கட்டினோம், காய்ச்சல் போயிற்று’ என்பாரிடம், கட்டாதவன் காய்ச்சலும் போயிற்றே என்று கேட்பது பகுத்தறிவு. ‘பேசினோம், பிள்ளை தேறினான்’ என்பாரிடமும் அதே வினாவைக் கேட்பதுதான் நேர்மை. பகுத்தறிவுக்குப் பங்காளி என்றும் பகைவன் என்றும் பாராட்டத் தெரியாது.

*

சான்று எனில் யாது? இதற்கு விடை தேடி மேல்நாட்டுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. சென்னைச் சேத்துப்பட்டுக்குச் செல்வோம்.

1956. காசநோய் என்றால் மலைக்காற்றும் மருத்துவ விடுதியும் முட்டையும் பாலும் வேண்டும் என்று உலகம் நம்பிய காலம். குடிசையில் வாழ்பவனுக்கு இவை ஏது? சேத்துப்பட்டில் அமைந்த ஆய்வு நிலையம் 193 நோயாளரை எடுத்துக்கொண்டது. எவர் வீட்டில் இருந்து மருந்துண்பது, எவர் விடுதியில் இருந்து உண்பது என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கல் போன்ற முறையால் பிரித்தனர். ஏன்? மருத்துவர் தெரிந்தெடுத்தால், வலுவுள்ளவரை ஒரு பக்கமும் நலிந்தவரை மறு பக்கமும் அறியாமலே தள்ளிவிடுவார். குலுக்கலுக்கோ ஓரவஞ்சனை தெரியாது. ஓராண்டு இரு சாராருக்கும் அதே மருந்து. முடிவு 1959இல் வெளியாயிற்று. இட நெருக்கத்தில், போதிய உணவின்றி, வீட்டிலிருந்தே மருந்துண்டோரும் விடுதியில் இருந்தோரைப் போலவே குணமடைந்தனர். வீட்டாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை!

ஒரு கணக்கு, காசநோய் விடுதிகளின் காலம் முடியத் தொடங்கியது. மருத்துவம் மாளிகையை விட்டு மக்களின் வாயிலுக்கு வந்தது. சாதாரண ஏழைத் தமிழர் 193 பேரின் உடல்கள் உலகுக்கு உரைத்த பாடம் அது. இதுவே சான்று: ஒப்பிட ஒரு சாரார், ஓரவஞ்சனை இல்லாப் பிரிவினை, முடிவு கசந்தாலும் மறைக்காமல் கூறும் நேர்மை.

*

இந்த உரைகல்லில் உள மருத்துவத்தையும் உரைத்துப் பார்த்தனர்.

1924இலேயே மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி, முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்கு அச்சம் போக்கிய முறையை எழுதியிருந்தார். முயலைத் தொலைவில் வைத்தார். சிறுவன் விரும்பும் தின்பண்டத்தைக் கையில் கொடுத்தார். நாளுக்கு நாள் முயலைச் சிறிது அருகே கொணர்ந்தார். ஈற்றில் சிறுவன் முயலைத் தடவினான். அதட்டவில்லை, ஆசி வழங்கவில்லை. படி அமைத்தார், பையன் ஏறினான். பின்னர் 1960களில் ஆரன் பெக் போன்றோர், துயருற்றவனின் எண்ணத்தை ஆராய்ந்தனர். ‘நான் உதவாதவன்’ என்ற எண்ணம் செயலைக் கட்டுகிறது. செயலற்ற நிலை அவ்வெண்ணத்தை மேலும் ஊட்டி வளர்க்கிறது. எனவே எண்ணத்தை வினாவுக்கு உட்படுத்து. சிறு செயல் ஒன்றை இன்றே தொடங்கு. நாள்தோறும் குறித்து வை. எண்ணத்தையும் நடத்தையையும் ஒருசேரச் செப்பனிடும் இம்முறையில் மாயம் இல்லை, பயிற்சி உண்டு.

பயன் எவ்வளவு? கடுந்துயரில் வீழ்ந்த 12 முதல் 17 வயது வரையிலான 439 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2004இல் வெளியாயிற்று. 12 வாரங்களில், மருந்தும் பேச்சுப் பயிற்சியும் சேர்ந்து பெற்றோருள் நூற்றுக்கு 71 பேர் தேறினர். மருந்து மட்டும் பெற்றோருள் 61. பயிற்சி மட்டும் பெற்றோருள் 43. வெறும் மாத்திரை உண்டோருள் 35. பேச்சே போதும் என்பாரும் மாத்திரையே போதும் என்பாரும் ஒருங்கே அடக்கம் பயிலத்தக்க கணக்கு இது.

இன்னொரு கசப்பும் உண்டு. பல்கலைக்கழக ஆய்வில் வென்ற முறை, ஊர் நடுவே உள்ள சிறு மருத்துவமனைக்குச் செல்லும்போது வாடிவிடுகிறது. ஏன்? அங்கே வரும் பிள்ளைக்கு ஒரு நோய் மட்டும் இல்லை. அச்சம் உண்டு, துயரம் உண்டு, வீட்டிலே குடிகாரத் தந்தை உண்டு. 2012இல் வைஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. மசாசூசெட்ஸ், ஹவாய் மாநிலங்களின் ஊர் மருத்துவ நிலையங்களில், 84 பணியாளர். 7 முதல் 13 வயது வரை 174 சிறுவர். வரிக்கு வரி ஏட்டைப் பின்பற்றியோர், வழக்கமான சிகிச்சை தந்தோரைத் தெளிவாக வெல்லவில்லை. அதே முறைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வந்த பிள்ளையின் தேவைக்கேற்பக் கோத்துக் கொடுத்தோரோ வென்றனர். சான்றுக்கு அடங்கு, ஆனால் ஏட்டுக்கு அடிமையாகாதே என்பது அதன் பாடம். நோயையும் அதன் காரணத்தையும் ஆய்ந்து, உற்றவன் நிலையையும் காலத்தையும் அறிந்து செய்க என்ற வள்ளுவர் நெறிக்கு இது அயல் அன்று.

*

இனி நம் நாட்டின் கதை.

அமிர்தசரசில் 1950களில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளரின் குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். வேலூரில் 1957இல் தொடங்கிய மனநல நிலையமும் உற்றாரைச் சிகிச்சையில் பங்காளியாக்கியது. 1976இல் பெங்களூரை அடுத்த சகலவாரா சிற்றூருக்கு மனநல மருத்துவர்கள் சென்றனர். எளிய சுகாதாரப் பணியாளரும் நோயறியக் கற்கலாம் என்பது அங்கே சோதிக்கப்பட்டது. 1982இல் தேசிய மனநலத் திட்டம். 1996இல் மாவட்ட மனநலத் திட்டம். தாளில் எல்லாம் வந்தன.

தாளுக்கும் தரைக்கும் இடையே இருந்த பள்ளத்தை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் நெருப்பு காட்டிற்று. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் விடுதியொன்றின் கீற்றுக் கொட்டகை பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடவில்லை. ஓடக் காலிருந்தது; காலில் சங்கிலி இருந்தது. 28 உயிர்கள் போயின. பிசேத்ரில் சங்கிலி நீங்கி இரு நூற்றாண்டு கழிந்த பின்!

அங்கே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட பெற்றோரைப் பழிக்க நமக்கு வாய் வரவில்லை. மருத்துவமனை எங்கோ இருந்தது. தர்கா கண்ணெதிரே இருந்தது. அன்பு இல்லாமல் சென்றவர் அல்லர். வேறு வாயில் இல்லாமல் சென்றவர். குற்றம் வாயில் அமைக்காதவருடையது. 2017இல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடப்புக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியிடல் ஆகாது என்று தடுத்திருக்கிறது; சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் கூறியிருக்கிறது.

நேர்மை கருதி இன்னொன்றும் கூறியாக வேண்டும். 2002இல் வெளியான ஓர் ஆய்வு, தமிழகத்துச் சிற்றூர்க் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளரை ஆராய்ந்து, சில வாரங்களில் அவர்தம் நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்களவு தணிந்தன என்றது. நாம் என்ன சொல்வது? மறைப்பதா? மறைத்தால் நாமும் கயிறு கட்டுவோர் கூட்டமே. அங்கே பேயோட்டும் சடங்கு இல்லை, குடும்பத்தார் உடனிருந்தனர், சிறு சிறு வேலையும் அமைதியும் இருந்தன. ஒப்பிட மற்றொரு சாரார் இல்லை. ஆகவே அதுகொண்டு முடிவு கட்டல் ஆகாது. ஆனால், அன்பான சூழலுக்கு ஆற்றல் உண்டு என்ற குறிப்பை ஏற்பதில் நமக்கு இழுக்கில்லை.

*

இப்போது ஆசிரியராகிய நம்மைச் சுட்ட ஆய்வுக்கு வருகிறோம்.

பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டம். ஒரு காலத்தில் உலகமே கற்க வந்த மண். அங்கே 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளை மூன்றாகப் பிரித்தனர். ஒரு பகுதியில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர் பள்ளியின் நலத்தையும் மாணவரின் உளநலத்தையும் கவனித்தார். மற்றொரு பகுதியில் அதே பணியை ஆசிரியரிடமே ஒப்படைத்தனர். மூன்றாவதில் வழக்கமான வளரிளம்பருவக் கல்வி மட்டும். 2018இல் முடிவு வெளிவந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மாணவரின் துயரம் குறைந்தது. ஒருவரையொருவர் துன்புறுத்தல் குறைந்தது. பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியரிடம் விட்ட பள்ளிகளில்? எந்தப் பயனும் காணப்படவில்லை!

படித்தவுடன் நமக்குச் சினம் வந்தது. பாடம் நடத்துவோம், தேர்வு நடத்துவோம், தேர்தல் பணிக்கும் ஓடுவோம், இதையும் நாமே செய்வதெனில் எப்படி என்று வாதிட்டோம். சினம் தணிந்தபின் வேறொன்று புலப்பட்டது. மதிப்பெண் இடும் கையிடம் பிள்ளை மனத்தைத் திறப்பானா? பலகைமேல் ஏற்றி நிறுத்தியவரிடம் இரவு உறக்கமில்லை என்று கூறுவானா? நாம் அனுப்பி வைக்க வேண்டியவர். ஆற்ற வேண்டியவர் வேறொருவர். அந்த வேறொருவர் பெரும் பட்டதாரியாக இருக்க வேண்டுவதில்லை என்பதே நாளந்தாவின் நற்செய்தி. இதோ, புஸ்ஸேன் திரும்பி வருகிறார்!

2020இல் வெளியான தில்லி ஆய்வும் அதையே பகர்கிறது. அரசுப் பள்ளி மாணவர் 251 பேர். படக்கதைச் சிறு நூல்கள் எல்லாருக்கும். ஒரு சாராருக்கு மட்டும் எளிய ஆலோசகரோடு நாலைந்து குறுஞ்சந்திப்புகள். சிக்கல் எது, வழிகள் எவை, செய்வது எது என்ற மூன்று படிகள். ஆறு வாரத்தில் அவர்களுடைய இடர்கள் கூடுதலாகக் குறைந்தன. நோய்க்குறிகளிலோ அப்போது வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. சிறிய பயன், சிறியது என்றே எழுதினர். அந்த அடக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது.

உயிர் காத்த கணக்கொன்றும் உண்டு. சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரைப் பற்றிய ஆய்வு 2008இல் வெளியாயிற்று. ஒரு சாராரிடம் ஏறத்தாழ ஒரு மணிநேரம் பேசினர்; பின் 18 திங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் உசாவினர். அவ்வளவே! வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 2.2 விழுக்காட்டினர் பின்னர்த் தற்கொலையால் மாண்டனர்; நலம் உசாவப்பட்டோருள் 0.2. மாளிகை வேண்டுமா இதற்கு? ‘எப்படி இருக்கிறாய்?’ என்று ஒன்பது முறை கேட்கும் ஒரு குரல் வேண்டும்.

*

புதுச்சேரியின் நிலை யாது? 2015ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி, இலட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகள் என்ற அளவில் நாட்டிலேயே முதலிடம் நம் புதுச்சேரிக்கு. நாட்டின் சராசரி 10.6. இதுவா நாம் பெற வேண்டிய முதலிடம்? 2016இல் வெளியான தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினருள் நூற்றுக்கு 7.3 பேருக்கு மனநலக் குறை உண்டு என்றது. அந்த அளவின்படி, 40 பேர் அமரும் வகுப்பில் ஏறத்தாழ மூவர். நாம் ஒருவனைத்தான் கண்டோம். மற்ற இருவர் யார்?

நமக்கு வாயில்கள் இல்லாமல் இல்லை. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த சிப்மர் கோரிமேட்டில் நிற்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் நாடு முழுவதற்கும் மனநலத் தொலைபேசிச் சேவை நடைபெறுகிறது. வாயில் வரை பிள்ளையை அழைத்துச் செல்லும் கைதான் குறைவு. ஆகவே கேட்கிறோம்: பள்ளிதோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் வேண்டும்; பகுதிதோறும் உள்ள ஆரம்ப நலவழி மையத்தில் இளையோர்க்கென நாளும் நேரமும் ஒதுக்க வேண்டும்; அங்கே செய்யப்படுவது பயன் தருகிறதா என்று ஆண்டுதோறும் அளந்து, மக்கள் முன் வைக்க வேண்டும். ‘செய்தோம்’ என்ற அறிக்கை போதாது, ‘தேறினரா?’ என்ற கணக்கு வேண்டும்.

அந்தச் சிறுவன்? அவன் தாயோடு நாமும் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். சிகிச்சை நடைபெறுகிறது. சில நாள் பேசுகிறான். சில நாள் பேசுவதில்லை. கையில் அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது; அதை அறுக்க நாம் முனையவில்லை. அவன் தாய் அதை அன்போடு கட்டியவர். மருந்து நாளும் தவறாமல் கொடுப்பவரும் அவரே. நம்மிடமிருந்த கயிறொன்றை மட்டும் அறுத்து எறிந்தோம். பார்த்தவுடன் ‘திமிர்’ என்று தீர்ப்பளிக்கும் அந்த வழக்கத்தை.

வகுப்பில் பலகை இருக்கிறது. அதன்மேல் எவரையும் இப்போது நாம் ஏற்றுவதில்லை.